ஹனோவருக்குப் போன கிழங்குத் தட்டு

2001ஆம் ஆண்டு நத்தார் எனும் கிறிஸ்மஸ் தினத்தன்று, கொலோன் நகரின் கால்க் பகுதியில் கலாதேவி தன் ஓவனுக்குள் வைத்த வத்தாளங்கிழங்குத் தட்டு, ஹனோவரில் அவளுடைய தங்கை வத்சலாவின் ஓவனிலிருந்து வெளியே வந்தது. கொலோனில் அன்று மழை தூறிக்கொண்டிருந்தது, ஹனோவரில் இலேசான பனி. இரண்டு நகரங்களுக்கும் இடையில் ரயிலில் மூன்று மணி நேரப் பயணம். தட்டு அதைவிட விரைவாகப் போயிருந்தது, சூடும் ஆறவில்லை. பொழுது சாய்வதற்குள் அந்தச் செய்தி கொலோன், டோர்ட்மூண்ட், ஹனோவர் தமிழர்களில் பாதிப் பேருக்குத் தெரிந்துவிட்டது. கிழங்கு எப்படிப் போனது என்று கேட்டவர்கள் குறைவு. ஆறு வருடமாகப் பேசாத அக்காவின் சமையல் தங்கையின் வீட்டுக்குள் போய்விட்டதே, இனி என்ன நடக்கும் என்பதைத்தான் எல்லோரும் பேசினார்கள்.

கலாதேவி அப்போது ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை செய்தாள். ஜெர்மன்காரர் எதையும் தட்டில் அடுக்கி, மேலே வெண்ணெயோ சீஸோ போட்டு ஓவனில் வேகவைத்து அவுஃப்லவுஃப் என்று ஒரு பெயர் வைத்துவிடுவார்கள். உருளைக்கிழங்கு, நூடில்ஸ், முந்தின நாள் மிஞ்சிய இறைச்சி, ஒன்றையும் விட்டுவைப்பதில்லை. பத்து வருடம் அதைச் செய்து அவள் கை பழகியிருந்தது. அவள் குடியிருந்த கட்டடத்தின் மூன்றாம் மாடியில் பாசையூரைச் சேர்ந்த ஜசிந்தா இருந்தாள். வேதக்காரி, கிறிஸ்தவள். ஒவ்வொரு நத்தாருக்கும் மதியச் சாப்பாட்டுக்குக் கட்டடத்திலுள்ள தமிழ்க் குடும்பங்களையெல்லாம் கூப்பிடுவாள், ஆளுக்கொரு கறி கொண்டுபோக வேண்டும். அந்த வருடம் அவள் கலாதேவியைப் படியில் கண்டு, "கலா அக்கா, நீங்கள் இனிப்பா ஏதாவது கொண்டுவாங்கோ. கேக் மட்டும் வேண்டாம், ஏற்கெனவே அஞ்சு கேக் வருது" என்று சொல்லியிருந்தாள்.

வழி சொன்னது கனடாவிலிருந்த மச்சாள், கலாதேவியின் கணவர் இராசலிங்கத்தின் தங்கை. அங்கே பண்டிகைச் சாப்பாட்டுக்கு வத்தாளங்கிழங்கை மசித்து, வெண்ணெயும் முட்டையும் சேர்த்து, மேலே மாஷ்மெலோ பரப்பி ஓவனில் வைப்பார்களாம். தமிழ்நாட்டார் சர்க்கரைவள்ளி என்று சொல்லும் அதே கிழங்குதான். ஊரில் அவித்துத் தேங்காய்ப்பூவோடு தின்றதைத் தவிர அதற்கு இன்னொரு வாழ்க்கை உண்டு என்று கலாதேவி நினைத்ததில்லை. கிழங்கு ஆபிரிக்கக் கடையில் கிடைத்தது. மாஷ்மெலோவும் கிடைத்தது, ஆனால் பக்கெட்டில் போட்டிருந்த ஜெர்மன் பெயரைத் தமிழில் சொன்னால் எலிக்கொழுப்பு என்று வந்தது. அவள் அதைத் திரும்பவும் கடை அடுக்கிலேயே வைத்துவிட்டு, முந்திரிப் பருப்பான கஜு வாங்கிவந்தாள். கிழங்கைத் தோலோடு அவித்து, சுடச்சுட உரித்து, கட்டியில்லாமல் மசித்தாள். கெட்டித் தேங்காய்ப்பால், வெண்ணெய், முட்டை, கறுவாப்பட்டைத் தூள், ஏலக்காய், ஒரு கிள்ளு உப்பு. மேலே வெண்ணெயில் வதக்கிய கஜுவும் சிவப்புச் சீனியும். எல்லாவற்றையும் ஆழமான நீல எனாமல் தட்டில் பரவி ஓவனுக்குள் வைத்துவிட்டுச் சேலை மாற்றப் போனாள்.

வீடு முழுக்கக் கறுவா வாசம் பரவியது. பிறகு அது சட்டென்று நின்றது, யாரோ கதவைச் சாத்தியதுபோல. சேலைக் கொய்யகத்து மடிப்பைப் பிடித்துக்கொண்டே வந்து ஓவனைத் திறந்து பார்த்தாள். விளக்கு எரிந்தது. கம்பி சுட்டது. தட்டு இல்லை.

இராசலிங்கம் ரொட்டி சுடும் பாண் தொழிற்சாலையில் வேலை செய்பவர், ஓவனைப் போறணை என்றுதான் சொல்வார், அது சம்பந்தமான எந்த விஷயத்திலும் தன் சொல்லே கடைசிச் சொல் என்ற நினைப்பும் அவருக்கு உண்டு. அவர் குனிந்து உள்ளே பார்த்தார், பின்பக்கம் கையை விட்டுப் பார்த்தார், கீழ் லாச்சியையும் இழுத்துப் பார்த்தார்.

"இஞ்சேரும், நீர் வடிவாத் தெரிஞ்சுதானே வைச்சனீர்?"

"வைக்காமல் வாசம் எங்கையிருந்து வந்தது?"

வாசத்தை அவரும் பிடித்திருந்தார். இருவரும் ஒரு பெட்டி மாம்பழச் சாறை எடுத்துக்கொண்டு மூன்றாம் மாடிக்குப் போனார்கள்.

சாப்பிட்டு இறங்கிவந்தபோது தொலைபேசி அடித்துக்கொண்டிருந்தது. பாலாம்பிகை. அவர் ஹனோவரில் வத்சலா வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தவர், அறுபதை நெருங்கியவர், மலிவான தொலைபேசி அட்டைகள் வந்த நாளிலிருந்து ஜெர்மனித் தமிழரின் நல்லது கெட்டது அவர் வாய் வழியாகத்தான் போய்வந்தது.

"பிள்ளை கலா, உம்மடை நீலத்தட்டு எங்கை?"

"ஏனக்கா?"

"இல்லை, அது இஞ்சை வத்சலாவின்ரை ஓவனுக்கை இருக்கு. அவள் ஆட்டிறைச்சி வைக்கவெண்டு திறந்தவள். கண்டவுடனை 'இது அக்காவின்ரை தட்டு' எண்டிட்டாள், மூலையிலை எனாமல் பேந்திருக்காமே. கிழங்கு நல்ல பதமா வெந்திருக்கு. அவளின்ரை மனுசன், ஸ்ரனிஸ்லாஸ் தம்பி, சிலுவை அடையாளம் போட்டிட்டுச் சாப்பிட்டிட்டார். பிள்ளையும் மூலைமூலையாக் கிண்டித் திண்டிட்டாள்."

"அவள் சாப்பிட்டவளோ?"

பாலாம்பிகை சிறிது யோசித்தார். "அதை நான் கேக்கேல்லை" என்றார். அவர் கேட்காமல் விட்ட விஷயங்கள் அரிது என்பதால், வத்சலா அதைத் தொடவில்லை என்றே கலாதேவி விளங்கிக்கொண்டாள்.

அக்காவும் தங்கையும் பேசாமல் விட்ட கதை சிறியது. அகதி விடுதியில் ஒரே அறையில் இருந்து, ஒரே தட்டில் அரிசி கழுவி, ஒரே குளிர்ச்சட்டையை மாறிமாறிப் போட்டவர்கள். வத்சலா முல்லைத்தீவைச் சேர்ந்த ஸ்ரனிஸ்லாஸைக் கட்டி ஹனோவருக்குப் போனபோதும் அவர் வேதக்காரர் என்பதைக் கலாதேவி பெரிதாக எடுக்கவில்லை. 1995இல் இருவரும் ஒன்றாகக் கர்ப்பமாக இருந்தார்கள். தொலைபேசியில் ஒருத்தி வாந்தி எடுத்தால் மற்றவள் காத்திருந்து கேட்பாள். கலாதேவியின் பிள்ளை எட்டாம் மாதத்தில் உயிரில்லாமல் பிறந்தது. சில வாரங்கள் கழித்து வத்சலாவுக்கு ஒரு பெண் பிள்ளை பிறந்தது, டிலானி என்று பெயர் வைத்தார்கள். முப்பத்தோராம் நாள், பிறப்புத் தீட்டு நீக்கும் துடக்குக் கழிவுக்குத் தன்னைக் கூப்பிடுவார்கள் என்று கலாதேவி பார்த்துக்கொண்டிருந்தாள். கூப்பிடவில்லை. விழா நடந்து முடிந்ததையும் பாயசத்துக்குப் பயறு கொஞ்சம் கூடிப்போனதையும் பாலாம்பிகை சொல்லித்தான் அறிந்தாள். பிள்ளையைப் பறிகொடுத்தவளின் கண் தன் பிள்ளையில் படக்கூடாதென்று தங்கை நினைத்துவிட்டாள் என்று அவள் முடிவு செய்தாள். அதை அவள் யாரிடமும் கேட்டுப் பார்க்கவில்லை. வத்சலா பிறகு எடுத்த அழைப்புகளுக்கு அவள் தொலைபேசியைத் தொடவில்லை, சில மாதங்களில் அழைப்புகளும் நின்றன. அதன்பின் கலாதேவிக்குப் பிள்ளைகள் பிறக்கவில்லை. டிலானியை அவள் படத்தில்கூடப் பார்த்ததில்லை.

தை மாதத்தில் ஓவன் திருத்துகிறவரைக் கூப்பிட்டார்கள். அவர் வெப்பமானியைச் சரிபார்த்தார், கதவின் ரப்பரை அமத்திப் பார்த்தார், எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார். உள்ளே வைக்கும் சாமான் வேறு ஊருக்குப் போவதுண்டா என்று இராசலிங்கம் ஜெர்மனில் கேட்டார். இந்த ரகத்தில் தான் இதுவரை கேள்விப்படவில்லை என்று அவர் பணிவாகப் பதில் சொன்னார். மாசியில் கலாதேவி வேறொரு தட்டில் அதே கிழங்கை அதே பக்குவத்தில் செய்து வைத்துப் பார்த்தாள். அது எங்கும் போகவில்லை. அதை இருவரும் மூன்று நாள் சாப்பிட்டார்கள், நாலாம் நாள் இராசலிங்கம் வேலைத்தலத்துக்குக் கொண்டுபோய்ப் போலந்துக்காரருக்குக் கொடுத்தார். கோழி, மீன், கேக் எல்லாமே வைத்த இடத்தில் இருந்து வெந்தன. நத்தாருக்கு மட்டும்தான் இது என்பது அப்படித்தான் தெரியவந்தது.

தட்டு ஆனி மாதம் ஹம் நகரத்து அம்மன் கோவில் தேருக்கு வந்தது. பாலாம்பிகை அதை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் வைத்து, ஹனோவர்ப் பஸ்ஸில் மடியில் சுமந்து வந்திருந்தார். வெயிலில் காவடிகள் ஆடிக்கொண்டிருந்தன. தண்ணீர்ப் பந்தலடியில் கலாதேவி பையைத் திறந்து பார்த்தாள். தட்டு பளபளவென்று கழுவித் துடைத்திருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. அயலட்டைக்குக் கொடுத்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்காத வீட்டில் பிறந்தவள் அவள், வத்சலாவும் அதே வீட்டில் பிறந்தவள். "வெறுந்தட்டு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பையை மூடினாள். தேர் இருப்புக்கு வருமுன்பே ரயில் ஏறினாள்.

ஆனாலும் 2002 நத்தாருக்கு ஜசிந்தா இனிப்பைப் பற்றிக் கேட்டபோது கலாதேவி சோறு கொண்டுவருவதாகச் சொன்னாள். நத்தார் காலையில் சோறும் சமைத்தாள், கிழங்கும் அவித்தாள். கிழங்கு எங்கே போகப்போகிறது என்பது அவளுக்குத் தெரியும். இராசலிங்கத்துக்கும் தெரியும், அவர் கஜுவை உடைத்துக் கொடுத்தார். பாலாம்பிகை இடையில் ஒருநாள், டிலானிக்குப் பின்பல்லில் சொத்தை என்றும் பல் வைத்தியரிடம் கொண்டுபோனார்கள் என்றும் சொல்லியிருந்தார். கலாதேவி சீனியைப் பாதியாகக் குறைத்தாள். மூலைகளில் கஜுவைக் கூடுதலாகத் தூவினாள். பிறகு கதவைச் சாத்திவிட்டு, வாசம் நிற்கும்வரை ஓவனுக்கு முன்னால் கதிரை போட்டு இருந்தாள்.

அடுத்த ஆனியில் தட்டுக்குள் ஒரு தேசிக்காய் இருந்தது. பழுத்து மஞ்சளான ஒற்றை எலுமிச்சம்பழம். கலாதேவி அதை வீட்டுக்குக் கொண்டுவந்து மேசையில் வைத்து ஒரு கிழமை பார்த்துக்கொண்டிருந்தாள். தேசிக்காயை வெட்டிக் குங்குமம் தடவிக் கண்ணூறு என்ற கண்திருஷ்டி கழிப்பது எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம்.

"சமைக்கிறதுக்குத் தந்திருப்பாள்" என்றார் இராசலிங்கம்.

"ஒண்டே ஒண்டை வைச்சு என்னத்தைச் சமைக்கிறது?"

கலாதேவி தேசிக்காயைக் குப்பையில் போடவும் இல்லை, பிழியவும் இல்லை. அது காய்ந்து நெல்லிக்காயளவாகச் சுருங்கி ஒருநாள் தானாகக் காணாமல் போனது. தட்டை அவள் அலுமாரிக்கு மேலே, பெட்டிகளுக்குப் பின்னால் வைத்தாள்.

2003 நத்தாருக்கு அவள் கிழங்கு வாங்கவில்லை. ஜசிந்தா வீட்டுக்கும் போகவில்லை, தலையிடி என்றாள். மறுநாள் பாலாம்பிகை தொலைபேசி எடுத்தார். அந்தத் தடவை அவர் வழக்கமான முன்னுரையெல்லாம் இல்லாமல் பேசினார்.

"பிள்ளை, நேற்று நீர் ஒண்டும் வைக்கேல்லையோ?"

"இல்லை."

"சின்னவள் காலமைதொட்டு ஓவனுக்கு முன்னாலை பாய் போட்டுக்கொண்டு இருந்தவள். தாயை அடுப்புப் போட விடேல்லையாம். தட்டு வந்தா இடிபட்டுப்போடும் எண்டு சொன்னவளாம். பொழுதுபடத்தான் எழும்பினவள். அவை பாணும் ஜாமும் சாப்பிட்டவை."

கலாதேவி சரி என்று சொல்லி வைத்துவிட்டாள். பிறகு கதிரையில் ஏறி, பெட்டிகளைத் தள்ளி, தட்டை எடுத்துத் தூசு துடைத்து மேசையில் வைத்தாள். நத்தார் முடிந்துவிட்டது. அடுத்ததற்கு ஒரு வருடம் இருந்தது. அந்த வருடம் முழுக்கத் தட்டு மேசையிலேயே இருந்தது, வீட்டுத் திறப்பு, தோடம்பழம், மின்சாரக் கட்டணச் சிட்டை எல்லாம் அதற்குள்ளேதான் கிடந்தன.

2004 நத்தாருக்கு அவள் செய்த கிழங்குதான் அதுவரை செய்ததில் மிகவும் சிறந்தது என்று பின்னாளில் பலர் சொன்னார்கள், அவர்களில் ஒருவரும் அதைச் சாப்பிட்டவர்கள் அல்லர். தட்டு ஹனோவருக்குப் போய்ச்சேர்ந்தது. டிலானி கைக்குக் கையுறை போட்டுத் தானே வெளியே எடுத்தாளாம். மறுநாள் காலை கடல் வந்தது. முல்லைத்தீவில் ஸ்ரனிஸ்லாஸின் தாயார் பூசைக்குப் போயிருந்தார். அவரைக் கொண்டுபோன கடல் திருப்பித் தரவில்லை. ஸ்ரனிஸ்லாஸின் தம்பி ஒரு பனையைக் கட்டிப்பிடித்துத் தப்பியிருந்தான்.

செய்தி கேட்டதும் கலாதேவி இடியப்பம் அவிக்கத் தொடங்கினாள். இராசலிங்கம் குசினி வாசலில் நின்றார்.

"கூப்பிடாத வீடு. போறீரோ?"

"இதுக்கு ஆரப்பா கூப்பிடுறது. போறன்."

அவள் இடியப்பப் பெட்டியையும் சம்பலையும் பையில் வைத்துக்கொண்டு ரயில் ஏறினாள். ஹனோவரில் இறங்கி, லிண்டன் பக்கம் போகும் ட்ராமில் இருந்தபோதுதான் அந்த வீட்டு இலக்கம் தனக்குத் தெரியாது என்பது நினைவுக்கு வந்தது. பாலாம்பிகைக்கு எடுத்துக் கேட்டாள். பாலாம்பிகை தன் வாழ்நாளில் முதல்தடவையாக இலக்கத்தை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டார்.

கதவைத் திறந்தது ஒரு சிறுமி. மெலிந்த, பின்னல் அவிழ்ந்த, ஒன்பது வயதுப் பிள்ளை. உள்ளே செபமாலை சொல்லும் சத்தம் கேட்டது. பிள்ளை கலாதேவியின் முகத்தைப் பார்த்தது, பையைப் பார்த்தது, மறுபடி முகத்தைப் பார்த்தது.

"நீங்கள் ஓவன் பெரியம்மாவோ?"

"ஓம்" என்றாள் கலாதேவி.

"அம்மா குசினியிலை நிக்கிறா" என்று சொல்லிவிட்டுப் பிள்ளை பையின் ஒரு காதைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தது.

முன்னறையில் சனம் நிறைந்திருந்தது. மெழுகுதிரிக்குப் பின்னால் ஒரு கிழவியின் அடையாள அட்டைப் படத்தைப் பெருப்பித்து வைத்திருந்தார்கள். ஸ்ரனிஸ்லாஸ் ஒரு மூலையில் சப்பாத்துடன் இருந்தார். ஊருக்குப் போவதா வேண்டாமா என்று முடிவெடுக்க முடியாமல் இரண்டு நாளாகச் சப்பாத்தைக் கழற்றாமல் இருந்தார் என்று பிறகு சொன்னார்கள். குசினிக்குள் வத்சலா தொட்டியில் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவளுக்கு முன்மயிர் நரைத்திருந்தது. திரும்பிப் பார்த்தாள், "வந்திட்டீங்களோ" என்றாள், ஏதோ அக்கா கடைக்குப் போய்ச் சுணங்கி வந்ததுபோல. நீலத்தட்டு மேடையில் இருந்தது. நத்தாரன்று வந்த கிழங்கில் ஒரு ஓரம் மட்டும் மிச்சம். அந்த வீட்டில் கடல் வந்த நாளிலிருந்து யாரும் அடுப்பு மூட்டியிருக்கவில்லை, பிள்ளை அந்தக் கிழங்கைக் குளிரக்குளிரத் தின்றுதான் இருந்திருக்கிறாள்.

கலாதேவி சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு, வந்தவர்களுக்கெல்லாம் இடியப்பம் கொடுத்தாள். ஸ்ரனிஸ்லாஸுக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்து, அவர் ஒரு வாய் வைக்கும்வரை எழும்பவில்லை. மிச்சக் கிழங்கை டிலானிக்கு வழித்துக் கொடுத்தாள். பிறகு தன் தட்டைத் தானே தொட்டிக்குள் போட்டுத் தேய்த்தாள். வத்சலா பக்கத்தில் துணியோடு நின்றாள். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"தேசிக்காய் ஏன் வைச்சனீ?" என்று கேட்டாள் கலாதேவி.

"எந்தத் தேசிக்காய்?"

"தட்டுக்குள்ளை."

வத்சலா நினைவுபடுத்திப் பார்த்தாள். "அதுக்கு முதல் வருசம் கோவ விசரிலை வெறுந்தட்டாக் குடுத்துவிட்டிட்டன். பிறகு அது மனசுக்குள்ளை கிடந்து குடைஞ்சது. பாலாம்பிகை அக்கா பஸ் வெளிக்கிடுது எண்டு வாசல்லை நிண்டவ. வீட்டிலை வேறை ஒண்டும் இருக்கேல்லை."

கலாதேவி தட்டின் மூலையை இன்னும் கொஞ்ச நேரம் தேய்த்தாள். அங்கே தேய்க்க ஒன்றும் இருக்கவில்லை.

"முப்பத்தொண்டுக்கு ஏன் என்னைக் கூப்பிடேல்லை?"

வத்சலா தண்ணீரை நிறுத்தினாள். முன்னறையில் செபமாலை அடுத்த மணிக்குப் போயிருந்தது. "நீங்கள் வந்து இவளைத் தூக்கி அழுதா என்னாலை தாங்க ஏலாது எண்டு நினைச்சன்" என்றாள். பிறகு, "அது மட்டும் இல்லை. கண்ணூறு எண்டும் நினைச்சனான். ரெண்டும்தான் அக்கா" என்றாள்.

அப்படி ஒரு பதில் வரும் என்று கலாதேவி எதிர்பார்க்கவில்லை. ஒன்பது வருடமாக அவள் மனதுக்குள் நடத்திய வழக்கில் வத்சலா ஒன்று முழுக்கக் குற்றவாளியாக இருந்தாள் அல்லது முழுக்க நிரபராதியாக இருந்தாள். முதற் காரணத்தோடு தங்கை நிறுத்தியிருந்தால் அவள் நம்பியிருக்கமாட்டாள், கழுவிய தட்டோடு அடுத்த ரயிலைப் பிடித்திருப்பாள். இரண்டாவதையும் சேர்த்துச் சொன்னதால் முதலாவதையும் நம்பவேண்டியதாயிற்று. அவள் தட்டை வத்சலாவிடம் நீட்டினாள். வத்சலா துடைத்தாள். அன்றிரவு கலாதேவி டிலானியின் கட்டிலில், பிள்ளையின் கால் தன் வயிற்றில் கிடக்க, விடியும்வரை அசையாமல் படுத்திருந்தாள்.

இனித் தட்டு பயணம் போகாது என்று எல்லோரும் நினைத்தார்கள், பேச்சு வந்துவிட்டதே. 2005 நத்தாருக்குக் கலாதேவி தட்டையும் கிழங்கையும் ரயிலில் கொண்டு ஹனோவருக்குப் போனாள். இராசலிங்கத்துக்கு லீவு கிடைக்கவில்லை. அக்கா மசித்தாள், தங்கை கஜு வதக்கினாள், டிலானி விரலால் வழித்து நக்கினாள். தட்டை வத்சலாவின் ஓவனுக்குள் வைத்தார்கள். வாசம் வந்தது, பிறகு சட்டென்று நின்றது. கலாதேவிக்கு அந்த நிற்பு பழக்கமானது, கதவைத் திறந்து பார்க்க அவள் எழும்பவில்லை. டிலானி திறந்தாள். கம்பி வெறுமையாக இருந்தது. எல்லோரும் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அது அடித்தது.

"இஞ்சேரும்" என்றார் இராசலிங்கம், "போறணைக்கை தட்டு ஒண்டு வந்திருக்கு."

"எடுத்து ஆறவையுங்கோ."

"சாப்பிடலாமோ?"

"சாப்பிடுங்கோ. முழுக்கச் சாப்பிடாதேங்கோ, உங்களுக்குச் சீனி வருத்தம்."

வத்சலா வாயைப் பொத்திக்கொண்டு சுவரோடு சாய்ந்தாள். கலாதேவி அவளைக் கோபமாகப் பார்க்கப் போய், தானும் சிரித்துவிட்டாள். ஒரு வருடத்தின் பின் அந்த வீட்டில் கேட்ட சிரிப்பு அது, ஸ்ரனிஸ்லாஸ் பத்திரிகையை இறக்கிவிட்டு என்ன நடந்தது என்று பார்த்தார்.

அதற்குப் பிறகு ஒருவரும் தட்டோடு வாதாடவில்லை. வைக்கும் வீட்டில் அது இருக்காது, மற்ற வீட்டுக்குத்தான் போகும். ஹனோவரில் பூசை வைக்கும் பாதிரியாரிடம் கேட்டார்கள், அவர் தட்டுகளுக்குப் பொறுப்பான புனிதர், அர்ச்சிஷ்டவர் ஒருவரும் தனக்குத் தெரிய இல்லை என்றார். கோவில் ஐயர், நைவேத்தியம் என்றால் தான் சொல்லலாம், இது நைவேத்தியம் அல்ல என்றார். சகோதரிகள் புதுவருடத்துக்கும் பொங்கலுக்கும் டிலானியின் பிறந்தநாளுக்கும் ஒன்றாக இருந்தார்கள். நத்தாருக்கு மட்டும் அவரவர் வீட்டில் இருந்தார்கள், ஒருத்தி வைக்க மற்றவள் எடுக்க. 2007இல் வத்சலா வேறு வீட்டுக்கு மாறினாள். அந்த வீட்டு ஓவன் சிறியது, தட்டு உள்ளே போகாது. நத்தாரன்று அது உள்ளே இருந்தது. கதவின் ஆணிகளைக் கழற்றித்தான் வெளியே எடுத்தார்கள்.

2009 வைகாசியில் ஊரில் சண்டை முடிந்தது. பனையைப் பிடித்துத் தப்பிய தம்பியைப் பற்றி அதன்பின் தகவல் இல்லை. ஸ்ரனிஸ்லாஸ் வேலைக்குப் போய்வந்தார், பேசுவதைக் குறைத்துக்கொண்டார், வைத்தால் சாப்பிட்டார், வைக்காவிட்டால் கேட்கவில்லை. அந்த மார்கழியில் கால்க் கட்டடத்தில் ஒருவரும் வாசலில் விளக்குப் போடவில்லை. ஜசிந்தாவும் அந்த முறை ஒருவரையும் கூப்பிடவில்லை. கலாதேவி நத்தாருக்கு முந்தின நாள் கடைவாசல்வரை போய்த் திரும்பி வந்தாள். பிறகு மறுபடி போய்க் கிழங்கு வாங்கினாள். கஜு வேண்டாம் என்று நினைத்தாள், அதையும் வாங்கினாள். அந்தக் கிழமை முழுக்கப் பனி கொட்டியது. ரயில்கள் மணிக்கணக்காகச் சுணங்கின, சில ஓடவேயில்லை, விமான நிலையங்களில் சனம் பெட்டிகளின் மேல் படுத்திருந்தது. தட்டு மதியத்துக்கு முன்பே ஹனோவர் போய்விட்டது.

பொழுதுபட வத்சலா தொலைபேசி எடுத்தாள்.

"சாப்பிட்டனீங்களோ?" என்று கேட்டாள் கலாதேவி.

"ஓம். இவர் ரெண்டாந்தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டவர்." அந்தப் பக்கம் யாரோ கோப்பை கழுவும் சத்தம் கேட்டது. "அக்கா, ஒண்டு சொன்னாக் குறை நினைக்கமாட்டீங்களே."

"சொல்லு."

"உப்புக் கொஞ்சம் காணாது. எப்பவுமே காணாது. முதல் வருசத்திலையிருந்தே."

கலாதேவி கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள். முதல் வருடத் தட்டில் வத்சலா சாப்பிட்டாளா என்று அவள் பிறகு ஒருநாளும் கேட்டதில்லை, இனிக் கேட்கவும் தேவையில்லை. எட்டு வருடமாக அவள் செய்த கிழங்கைப் பற்றி அந்த வீட்டிலிருந்து வந்த முதற் குறை இது.

"அடுத்த முறை கூட்டிப் போடுறன்" என்றாள்.

பிறகு இருவரும் பனியைப் பற்றியும், பொங்கலுக்கு முன் ரயில்கள் ஒழுங்காக ஓடத் தொடங்குமா என்பதைப் பற்றியும் நெடுநேரம் பேசினார்கள்.